முதல் வேலை ஹரிக்கு

இந்த வருஷம் கொலு வேலையிலிருந்து தப்பித்தே தீருவது என்று ஹரிஷங்கர் முடிவு கட்டினான். படி கட்டுகிற மஹாளய அமாவாசை ஞாயிறன்றே காலை பத்து மணிக்கு லேக் கார்டன்ஸ் கிளப்பில் இரட்டையர் கேரம் ஃபைனல். பன்னிரண்டு வருஷம் முட்டி மோதி இப்போதுதான் ஃபைனலைக் கண்ணால் பார்க்கிறான். கூட்டாளி ஜெயந்த்தா வேறு, வராவிட்டால் முகத்தில் முழிக்காதே என்று வங்க மொழியில் எச்சரித்திருந்தார்.

சால்ட் லேக் ஆபீஸில் பைத்தான் ப்ரோக்ராம் எழுதியே பிழைக்கிறவன், வீட்டில் ஒரு மனைவியைச் சமாளிக்க மாட்டானா? வித்யாலக்ஷ்மிக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த லிஸ்டிலும் சின்ன வேலையைத்தான் முதலில் எழுதுவாள். சனிக்கிழமை ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த கொலு லிஸ்டிலும் முதல் வரி, மாவிலை கட்டுவது. ஐந்து நிமிஷ வேலை. ஹரிக்கு வயிறு குளிர்ந்தது.

"இனிமே வேலைக்காகச் சண்டையே வேண்டாம். கம்ப்யூட்டர் பிரிச்சுக் குடுத்துடும்," என்று லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினான். திரையில் ஒரு வரி இருந்தது.

ஹரி, *வித்யா = வேலைகள்

"என்னது இது?"

"லிஸ்ட்ல மேற்கோள் குறிக்குள்ள இருக்கறது ஒவ்வொண்ணும் ஒரு வேலை. அதைப் பிரிச்சு ஆளுக்கு ஆள் போட்டுடும். முதல்ல இருக்கறது முதல் பேருக்கு."

"எனக்கு மட்டும் ஏன் நட்சத்திரம்?"

புத்தியுள்ளவன் இந்த இடத்தில் வாயை மூடிக்கொள்வான். ஹரிக்குப் பாடம் நடத்த ஆள் கிடைத்தால் போதும்.

"நட்சத்திரம் போட்ட பேர், மிச்சம் எத்தனை இருந்தாலும் வாரிக்கும்."

"நாப்பது இருந்தாலும் உங்களுக்கு ஒண்ணுதானா?"

"ஒண்ணே ஒண்ணு."

"அப்புறம் மாத்தப்படாது."

"சத்தியமா. மெஷின் சொன்னதுதான்."

"சரி. லிஸ்டை நானே டைப் அடிக்கறேன், குடுங்கோ."

கல்யாணமான நாள் முதலாக அவள் சண்டை போடாமல் சரி சொன்னது இதுதான் முதல் தடவை. அதற்கே அவன் பயந்திருக்க வேண்டும். சந்தோஷப்பட்டான், பாவி மனுஷன்.

ஞாயிறு காலை எட்டு மணிக்குக் குளித்து, ஃபைனலுக்கென்று வாங்கிய சட்டையைப் போட்டுக்கொண்டு பொத்தானைத் தட்டினான். திரையில் வந்தது இது:

ஹரி: பரணிலேர்ந்து பெட்டியெல்லாம் இறக்கி, ஒன்பது படி கட்டி, நூத்திநாப்பது பொம்மையையும் துடைச்சு அடுக்கி, சீரியல் லைட் மாட்டறது.

வித்யா: மாவிலை கட்டறது. கோலம் போடறது. கலசத்துக்குப் பூ வைக்கறது.

அவன் பங்கு அத்தனையையும் ஒரே மேற்கோள் குறிக்குள் மூட்டையாகக் கட்டியிருந்தாள். பைத்தானுக்கு அது ஒரே சரக்கு.

"அநியாயம். இது ஒரு வேலையா?"

"லிஸ்ட்ல ஒண்ணுதானே? உங்களுக்கு ஒண்ணு, எனக்கு மூணு. நான் ஏதாவது வாயைத் திறந்தேனா?"

ஒன்பதே முக்காலுக்கு ஹரி ஏணி மேல் நின்று மூன்றாவது பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். புதுச் சட்டை பூராவும் ஒட்டடை. கீழே அவனுடைய போன் அடித்தது. வித்யாதான் எடுத்து வங்க மொழியில் பேசினாள்.

"அவரால வர முடியாது, ஜெயந்த்தா. பாவம், வேலையா இருக்கார்." கொஞ்ச நேரம் கேட்டாள். "பார்ட்னர் இல்லேன்னா தோத்ததாயிடுமா? அடடா. எனக்கு எல்லா வேலையும் முடிஞ்சுடுத்து, நான் வரேனே."

போனை வைத்துவிட்டு, ஏணியைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"உங்க ஸ்ட்ரைக்கரைக் குடுங்கோ, நாழியாறது."