தவளைக்கு ஒட்டகம் எழுதியது

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே தங்கள் தங்கை, பிள்ளைகள், தண்ணீர் மோட்டார் உட்பட அனைவரும் நலம். என் மானம் மட்டும் நேற்று மத்தியானத்திலிருந்து எழுந்திருக்க முடியாமல் படுத்திருக்கிறது. வேறு யார் வாயிலாகவும் தங்கள் காதுக்கு வருவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். நேற்று ஸ்டுடியோவில் ஒரு கார்ட்டூன் தவளை பேசியதைக் கேட்டு நான் அழுதுவிட்டேன். கண் கலங்கினேன் என்று கௌரவமாக எழுதலாம்தான். ஆனால் மைக்குக்கு மாட்டியிருக்கும் பஞ்சு உறையைக் கழற்றி நான் மூக்கைத் துடைத்துக்கொண்டதை சவுண்டு எஞ்சினியர் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டார். அந்த மனிதருக்குக் காது எவ்வளவு கூர்மையோ வாய் அவ்வளவு ஓட்டை.

'தாங்கள்', 'தங்கள்' எல்லாம் இதோடு போதும். ஒரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத ஆளுக்குக் கொஞ்சம் மரியாதை வைத்து எழுதலாமே என்று ஆரம்பித்தேன். கை வலிக்கிறது.

நம்முடைய படத்தின் இரண்டாம் பாகத்துக்குக் குரல் கொடுக்கும் வேலைதான் உனக்கும் எனக்கும் நடந்துகொண்டிருக்கிறது என்பது உனக்குத் தெரியும். நீ காலையில் வந்து தவளையைப் பேசிவிட்டுப் போகிறாய், நான் மத்தியானம் வந்து ஒட்டகத்தைப் பேசிவிட்டுப் போகிறேன். நீ விட்டுப் போன நாற்காலியில் சூடு இருக்கும், நீ இருக்க மாட்டாய். முதல் பாகம் தியேட்டருக்கு வந்தது. குடும்பத்தோடு போய், கடைசியில் நம் பெயர் ஓடுவதற்குள் ஜனங்கள் எல்லோரும் செருப்பைத் தேடி எழுந்துவிட, காலியான தியேட்டரில் நாம் ரெண்டு பேரும் நமக்கே கை தட்டிக்கொண்டோமே, நினைவிருக்கிறதா? இந்தப் பாகத்துக்கு அந்த யோகமும் இல்லை. தியேட்டர் வாசலை மிதிக்காமல் நேரே டிவிடி. சூப்பர் மார்க்கெட்டில் பல் துலக்கும் பிரஷ்ஷுக்குப் பக்கத்தில் தொங்கப் போகிற ரகம். படம் வரைந்தவர்களும் கையைச் சுருக்கிவிட்டார்கள். ஒட்டகம் பாலைவனம் முழுக்க ஓடுகிறது, பின்னால் ஒரே பாறைதான் வந்து வந்து போகிறது. அந்தப் பாறைக்கும் சம்பளம் உண்டு என்றால் அதுதான் இந்தப் படத்தின் கதாநாயகன்.

கதையும் அப்படித்தான். முதல் பாகத்தில் ஒட்டகம் தெரியாமல் தவளையின் குளத்தையே குடித்துத் தீர்த்துவிடும், தவளை அதன் முதுகைக் கேலி செய்துவிட்டு வருத்தப்படும், இரண்டும் சிநேகமாகிவிடும். சேர்ந்துவிட்டவர்களை மறுபடியும் சேர்த்து வைக்க வேண்டுமென்றால் முதலில் பிரித்தாக வேண்டுமே. அதனால் இரண்டாம் பாகத்தில் தவளை கோபித்துக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் வேறு குளத்துக்குக் குடிபோய்விடுகிறது. இதை எழுதினவர் நம் வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் எழுதினாரோ என்று எனக்குச் சந்தேகம்.

நம் வீட்டுக் கதையில் குற்றவாளி நீதான் என்று நான் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன், ஒளிப்பானேன். என் மகளின் பிறந்த நாள். நீ ஐஸ் வாங்கக் கடைக்குப் போயிருந்தாய். பிள்ளைகள் "ஒட்டகம் பேசுங்க, தவளை பேசுங்க"ன்னு பிய்த்து எடுத்தார்கள். நான் ரெண்டையும் பேசினேன். முதல் பாகத்தின்போது உனக்குத் தொண்டை கட்டி ஒரு நாள் வீட்டில் படுத்துவிட்டாயே, அன்றைக்கு உன் தவளையையும் நானே ஸ்டுடியோவில் ஒப்பேற்றினேனே, அந்தத் தைரியம். "பரவாயில்லையே, பொழைச்சுக்குவே"ன்னு அப்போது நீயே சிரித்தாய். பிறந்த நாளன்று நீ ஐஸோடு திரும்பி வந்து ஆசையாகத் தவளை பேசினாய். அப்போது ஒரு பொடிசு, "அங்கிள், நீங்க பேசறது ஒரிஜினல் மாதிரி இல்ல"ன்னு சொல்லிவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சும்மா இல்லை, ஒட்டகக் குரலில் சிரித்தேன். நீ ஐஸை மேஜை மேல் வைத்துவிட்டு, "இனிமே ரெண்டையும் நீயே பேசிக்கோ"ன்னு போனாய். கேக்கைக்கூடத் தொடவில்லை. கதவில் பக்கவாட்டாக நுழைகிற ஆள், அன்றைக்கு எப்படித்தான் அவ்வளவு வேகமாக வெளியே போனாயோ.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். படத்தில் ஒட்டகம் புதுக் குளத்தைக் கண்டுபிடித்துவிடுகிறது. தவளை தண்ணீருக்கு மேல் தலையை நீட்டி, "மன்னிச்சுடு. தப்பு என் மேலதான்" என்று சொல்கிறது. அதற்கு என் வசனம், "நட்பு என்பது குளம் போன்றது, எவ்வளவு குடித்தாலும் வற்றாது." போன படத்தில் குளத்தையே குடித்துக் காயவைத்த ஒட்டகம் பேசுகிற பேச்சைப் பார். அதை எப்படிச் சிரிக்காமல் சொல்வது என்று யோசித்துக்கொண்டே ஹெட்போனை மாட்டினேன். தவளை பேசியது.

மச்சான், ஒரு வருஷத்துக்கு அப்புறம் உன் குரல், காதுக்கு உள்ளேயே. 'மன்னிச்சுடு'வுக்கும் 'தப்பு'க்கும் நடுவில் ஒரு மூச்சு விட்டாயே, ஒரு சின்ன நடுக்கம், அதைக் கேட்டதும் எனக்குத் திரையும் தெரியவில்லை, கையில் இருந்த தாளும் தெரியவில்லை. "அட விடு மச்சான், எந்தத் தப்பு? நீ வராம எனக்கு வீட்ல பேசவே ஆள் இல்லடா"ன்னு சொல்லிவிட்டேன். ஒட்டகம்தான் எப்போதும் எதையாவது மென்றுகொண்டே இருக்கிறதே, அதன் வாய்க்கு எந்த வார்த்தையும் பொருந்தும். இதுவும் கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

எஞ்சினியர் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னோடு பேசுகிற பொத்தானை அழுத்தி, "சார், இதுதான் படத்துலயே நல்ல வசனம். நான் அழிக்க மாட்டேன்"ன்னார்.

"யோவ், ஒட்டகம் தவளையை மச்சான்னு கூப்பிடுதுய்யா!"

"கூப்பிடட்டும் சார். பொண்ணு எடுத்திருக்கும்."

இப்போது உலகத்தில் இந்தப் படத்தை வாங்கப் போகிற பத்து வீட்டிலும் அந்த வசனம் ஒலிக்கப் போகிறது. வீட்டுக்கு வந்து உன் தங்கையிடம் சொன்னேன். "பரவாயில்ல, ஒட்டகத்துக்காவது புத்தி வந்துச்சே"ன்னுவிட்டு மறுபடி துணி மடிக்க ஆரம்பித்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே, "நீங்க குளிக்கிறப்ப தவளை பேசிப் பாக்கறீங்களே, நல்லாத்தான் இருக்கு. ஆனா எதிர்ல யாருமே இல்லாத மாதிரி இருக்கு"ன்னாள். சோப்பு போடும்போது ரகசியமாக எதையும் செய்ய முடியாத வீடு இது.

ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தேன். முதல் பாகத்தில் சிநேகமாவது பெரிய காரியமில்லை. பாட்டு இருக்கிறது, போஸ்டர் இருக்கிறது, பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டாம் பாகத்தில் ஒன்றும் கிடையாது. பழைய கதை, பழைய குணம், பின்னால் அதே பாறை. யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும் ஒரு தவளை தண்ணீரிலிருந்து தலையை நீட்டி இன்னொரு தரம் 'மன்னிச்சுடு' என்கிறது. எழுதினவர் அவசரத்தில் சம்பளத்துக்குத்தான் எழுதியிருப்பார். ஆனால் நம் வயசில் நட்பு என்று மிச்சமிருப்பது எல்லாமே தியேட்டருக்கு வராத ரகம்தானே மச்சான். அதை யாரோ ஒருத்தர் மெனக்கெட்டு எடுத்துப் போட்டுப் பார்த்தால்தான் உண்டு.

இந்தக் கடிதத்துக்குக் காரணம் இனிமேல்தான் வருகிறது. கடைசிக் காட்சியில் இரண்டும் குளத்தில் விழுந்து சேர்ந்து சிரிக்க வேண்டும். நீ தனியாகச் சிரித்ததையும் நான் தனியாகச் சிரித்ததையும் எஞ்சினியர் ஒட்டிப் பார்த்தாராம். "ஒருத்தரைப் பாத்து இன்னொருத்தர் கேலி பண்ற மாதிரி இருக்கு சார். ரெண்டு பேரும் ஒரே மைக்குல நின்னாத்தான் ஆகும்"ங்கிறார். வியாழக்கிழமை காலையில் பதிவு. நீ வராவிட்டால் தவளையின் மொத்த வசனத்தையும் அழித்துவிட்டு, லிஃப்டில் 'கதவு மூடுகிறது' என்று பேசுகிறாரே, அவரை வைத்துப் பேசிவிடுவார்களாம். 'மன்னிச்சுடு, தப்பு என் மேலதான், கதவு மூடுகிறது' என்று என்னால் கேட்டுக்கொண்டு நிற்க முடியாது.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அந்த நடுக்கம், அந்த ஒரு மூச்சு, அதெல்லாம் எனக்குச் சாகும்வரை வராது. அந்தப் பொடிசுக்குக் காது சரியில்லை. ஒரிஜினல் நீதான். நீயே முதலில் மன்னிப்புக் கேட்டுவிட்ட பிறகு நான் வீம்பு பிடிப்பது அழகில்லை என்பதால், பெரிய மனசு பண்ணி நானும் மன்னித்துவிட்டேன். வியாழக்கிழமை வந்துவிடு. கேக் வாங்கி வைக்கிறேன்.

உன் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு என் ஆசி, உன் தொண்டைக்கு என் வெந்நீர்.

இப்படிக்கு,
உன் தங்கையைக் கட்டிய ஒட்டகம்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன், வியாழக்கிழமை எத்தனை மணிக்கு என்று கேட்க எஞ்சினியருக்குப் போன் போட்டேன். நீ எல்லா வசனத்தையும் பேசிவிட்டு, அந்த மன்னிப்பு வரி வந்ததும், "இதை அவன் வந்து எனக்குச் சொல்லட்டும்"ன்னு ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டாயாமே. வேறு வழியில்லாமல் அவர் முதல் பாகத்திலிருந்து அதே வரியை வெட்டி எடுத்து ஒட்டினாராம். "எந்த நாள் பதிவுய்யா அது?"ன்னு கேட்டேன். தேடிப் பார்த்துச் சொன்னார். நீ தொண்டை கட்டி வீட்டில் படுத்திருந்த நாள்.