உறைபனிக்கு ஒரு வெள்ளோட்டம்

செல்லாத்தாளை ஊட்டிக்கு அனுப்பவே கூடாது என்று நஞ்சப்பன் சபதம் எடுத்தபோது அவர் வாய் நிறையப் பற்பசை நுரை இருந்தது. அதனால் சபதம் வெளியே கேட்கவில்லை. நுரை இல்லாவிட்டாலும் கேட்டிருக்காது. சோமனூரில் தறி ஓடுகிற நேரத்தில் யார் எடுத்த சபதம் யாருக்குக் கேட்டிருக்கிறது?

செல்லாத்தாள் அப்போதுதான் கேட்டைத் திறந்து உள்ளே வந்திருந்தாள். தெருப் பெண்களோடு கருமத்தம்பட்டி ரோட்டில் காலை நடை போய்விட்டு வருகிறாள். மார்கழிக் குளிருக்குக் காதைச் சுற்றித் துண்டு. துண்டுக்குள்ளே பூரித்த முகம்.

“ஏனுங்க, பொங்க நோம்பி முடிஞ்சதும் பொம்பளைங்க நாங்க எல்லாம் ஒட்டுக்கா ஊட்டிக்குப் போலாம்னு இருக்கறமுங்க. உறைபனி பாக்கறதுக்கு. புல்லு மேல உப்பைக் கொட்டுனாப்பல கெடக்குமாமுங்க.”

நஞ்சப்பன் துப்பினார். “ஊட்டிக்கா? சனவரியிலயா? வெயில் காலத்துல போற ஊரு அம்மணி அது. குளிரு காலத்துல போயி அங்க என்ன பண்ணுவீங்க?”

“அது தெரியலீங்க. போனாத்தான தெரியும்?”

“இந்த ஊட்டுல இருக்கறதுக்கு என்ன?”

“இந்த ஊட்டுலதான் தினமும் இருக்கறமே. ஊட்டியிலதான் இருந்ததில்லீங்க.”

நஞ்சப்பன் மறுபடியும் வாய் கொப்பளிக்கப் போனார். பதில் இல்லாத நேரங்களில் அவருக்கு வாய் கொப்பளிக்கத் தோன்றும்.

உண்மையான சங்கதி வேறு. கல்யாணமான நாளிலிருந்து செல்லாத்தாள் இல்லாமல் அந்த வீட்டில் அவர் ஒரு ராத்திரிகூடப் படுத்ததில்லை. அவள் பிரசவத்துக்குத் தாய்வீடு போனபோது, ‘குழந்தையைப் பாக்கோணுமல்ல’ என்று பின்னாலேயே போய் மாமனார் வீட்டுக் கட்டிலைப் பிடித்துக்கொண்டவர். அப்போது குழந்தை பிறக்க இன்னும் இரண்டு மாதம் இருந்தது. இப்போது மகளும் கட்டிக்கொடுத்துப் போய்விட்டாள். அத்தனை பெரிய வீட்டில் தனியாக எப்படி? ஆனால் தறிக்கூடம் வைத்து நடத்துகிறவர், ஊர்ப் பஞ்சாயத்தில் நியாயம் சொல்கிறவர், ‘நீ இல்லாட்டி எனக்குப் பயமா இருக்குது அம்மணி’ என்று வாய்விட்டுச் சொல்ல முடியுமா?

ஒரு நாள் முழுக்க ரோசனை பண்ணினார். போகாதே என்று சொன்னால் கட்டாயம் போவாள். ஆகவே போ என்று சொல்ல வேண்டும். தானே கூட்டிக்கொண்டு போக வேண்டும். இருக்கிற குளிரிலேயே கொடுங்குளிரைக் காட்டி, ‘ஐயோ சாமி, இந்த ஊரே வேண்டாம்’ என்று அவள் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். இவ்வளவு அறிவை வைத்துக்கொண்டு நாம் ஏன் வெறும் காடாத்துணி நெய்துகொண்டிருக்கிறோம் என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

“செல்லா, மொதல்ல நாம ரெண்டு பேரும் போயிப் பாத்துட்டு வந்துரலாம். ஒரு வெள்ளோட்டம் மாதிரி. உன்ற உடம்பு குளிரு தாங்குமான்னு தெரியோணுமல்ல?”

“நீங்க சொன்னாச் சரிங்க,” என்றாள் செல்லாத்தாள்.

இவ்வளவு சீக்கிரம் அவள் சரி சொன்னது அவருக்குக் கொஞ்சம் இடித்தது. இருந்தாலும் கிளம்பிவிட்டார்.

மேட்டுப்பாளையத்தில் வேண்டுமென்றே கடைசி சீட்டைப் பிடித்தார். கண்ணாடி மூடாத ஜன்னலாகப் பார்த்து அவளை உட்கார வைத்தார். மலை வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்பக் குமட்டல் வந்தது. அவருக்கு. செல்லாத்தாள் பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, “அங்க பாருங்க, காட்டெருமை!” என்று பாதி உடம்பை ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள்.

ஊட்டி ஏரியில் சாயங்காலக் காற்று கத்தி மாதிரி வீசும்போது படகில் ஏற்றினார். அவள் சால்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டு பல்லைக் கடகடவென்று அடித்தாள்.

“குளிருதா?”

“உசிரு போகுதுங்க.”

நஞ்சப்பனுக்கு அப்போதுதான் உடம்பில் கொஞ்சம் சூடு ஏறியது. சந்தோஷத்தில் பழைய சர்ச்சையும் வெள்ளைக்காரன் கட்டின கல் வீடுகளையும் சுற்றிக் காட்டினார். “கோயமுத்தூருக்குக் கலெக்டரா வந்த ஒரு வெள்ளக்காரரு மேல ஏறி வந்து கட்டுன ஊராம் இது. வந்தவரு எறங்கவே மனசில்லாம இங்கயே ஊடு கட்டிப்போட்டாராம்.”

“அவரு பொண்டாட்டி ஒண்ணும் சொல்லலீங்களா?”

“அது எனக்கெப்படித் தெரியும்?”

“கேட்டுப் பாருங்களே.”

நஞ்சப்பனிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கம் அது. ஒரு கேள்வி காதில் விழுந்துவிட்டால் பதில் கிடைக்கிறவரை அவரால் சும்மா இருக்க முடியாது. சர்ச் காவலாளியைக் கேட்டார். பஞ்சுமிட்டாய்க்காரரைக் கேட்டார். கலெக்டரின் மனைவி என்ன சொன்னாள் என்பது இரண்டு பேருக்கும் தெரியவில்லை. ஆனால் அந்த விசாரணையில் உறைபனி பார்க்கத் தலைகுந்தாதான் தோதான இடம் என்று தெரிந்துகொண்டார்.

மறுநாள் வெளிச்சம் வருவதற்கு முன்னால் அவளை எழுப்பி ஆட்டோவில் ஏற்றினார். இன்றைக்கு இவள் கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டார். தலைகுந்தாவில் இறங்கினார். இறங்கினவர் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்.

புல்வெளி முழுக்க வெள்ளை. பள்ளத்தில் வெள்ளை, வரப்பில் வெள்ளை, யாரோ நிறுத்திவிட்டுப் போன பைக் சீட்டில் வெள்ளை. உப்பு இல்லை, பஞ்சு இல்லை. தறிக்கூடத்தில் விடிய விடியப் பறக்கிற பஞ்சுத்தூசி ஒரே ராத்திரியில் ஊரெல்லாம் இறங்கிப் படிந்த மாதிரி இருந்தது. நஞ்சப்பன் குனிந்து ஒரு புல்லைத் தொட்டார். அது முறுக்குப் போல ஒடிந்தது. இன்னொன்றை ஒடித்தார். பிறகு ஒரு பிடியை ஒடித்தார். வந்த காரியம் மறந்தேபோனது.

ஓரமாக நெருப்பு மூட்டி டீ விற்றுக்கொண்டிருந்தவர் பேர் ஜெரோம். நஞ்சப்பன் அவரைப் பிடித்துக்கொண்டார்.

“ஏனுங்க, அந்த மரத்தடியில மட்டும் பனி இல்லையே, ஏன்?”

“மரம் குடை மாதிரிங்க. வானம் தெரியற எடத்துலதான் விழும்.”

“தினமும் விழுமா?”

“மேகம் இருந்தா விழாது. காத்தடிச்சாலும் விழாது. ரெண்டும் இல்லாட்டி, காலையில இப்படித்தான்.”

“வெயில் வந்தா?”

“டீ ஆறுறதுக்குள்ள போயிடும்.”

ஆறுவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று டீயைக் கையில் வைத்துக்கொண்டே நஞ்சப்பன் ஓடினார். ஒரு காரின் கூரை பூராவும் பனி. விரலால் ஒரு கோடு இழுத்தார். நன்றாகத்தான் வந்தது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு ‘செல்லா’ என்று எழுத ஆரம்பித்தார். கடைசி எழுத்துக்குத் துணைக்கால் போடுவதற்குள் கார்க்காரர் கதவைத் திறந்துகொண்டு கத்தினார். நஞ்சப்பன் டீயைச் சிந்திக்கொண்டு திரும்பி ஓடி வந்தார்.

வருகிற வழியில் அதைப் பார்த்தார். செல்லாத்தாள் சால்வையைக் கழற்றி இடுப்பில் கட்டியிருந்தாள். இரண்டு கையிலும் பனியை அள்ளிக் கன்னத்தில் அப்பிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி தனக்குத் தானே சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் வருவது தெரிந்ததும் சால்வை தோளுக்கு ஏறியது. பல் கடகடவென்று அடித்தது.

“யப்பா, ஆகாதுங்க. எனக்கு இந்தக் குளிரு ஆகவே ஆகாதுங்க.”

இது என்ன கூத்து என்று நஞ்சப்பன் யோசித்தார். குளிரில் மூளை மரத்துப்போனால் சிலருக்குச் சிரிப்பு வருமாக்கும் என்று தனக்குத் தானே பதில் சொல்லிக்கொண்டார். அதற்குமேல் யோசிக்க அவருக்கு நேரம் இல்லை. தாவரவியல் பூங்காவில் செடிகளுக்குக் காய்ந்த மிலார்ச் செடிக் கொத்துகளால் போர்வை போட்டிருக்கிறார்களே, அது ஏன் என்று கேட்க வேண்டியிருந்தது. பனியில் கருகாமல் இருக்கக் காலங்காத்தாலே புல்லுக்குத் தண்ணீர் அடிக்கிறார்களே, குளிரில் கிடக்கிற புல்லின் மேல் குளிர்ந்த தண்ணீரா, அது எப்படி என்று கேட்க வேண்டியிருந்தது. சூடான வர்க்கியை டீயில் நனைத்துத் தின்றுகொண்டே குன்னூர் வரைக்கும் மலை ரயிலில் போனார்கள். குகைக்குள் ரயில் நுழையும்போதெல்லாம் எல்லாரும் கூச்சல் போட்டார்கள். பலமாகக் கூச்சல் போட்டவர் நஞ்சப்பன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் செல்லாத்தாள் சொன்னாள். “நீங்க சொன்னதுதான் சரிங்க. அந்த ஊரு எனக்கு ஒத்துவராதுங்க.”

‘நீங்க சொன்னதுதான் சரி.’ நஞ்சப்பன் அதை அன்னூர் வரைக்கும் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் சாயங்காலம் நடைப்பயிற்சிக் கூட்டம் மொத்தமும் வீட்டுக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டு வெங்கடலட்சுமி முன்னால் உட்கார்ந்தாள். டெய்லர் கடை வைத்திருக்கும் செவ்வந்தி அவளுக்குப் பக்கத்தில். செல்லாத்தாள் எல்லாருக்கும் காபியும் முறுக்கும் வைத்துவிட்டு, மப்ளரைச் சுற்றிக்கொண்டு ஒரு மூலையில் இருமினாள்.

“அக்காவுக்குத்தான் ஆகலையாமுங்க. போவட்டும்,” என்றாள் வெங்கடலட்சுமி. “அண்ணா, சும்மா ஒண்ணு கேக்கறனுங்க. அந்தப் பனி எப்படித்தான் இருந்துச்சு?”

எப்படி இருந்துச்சு! நஞ்சப்பன் எழுந்து நின்றுவிட்டார்.

தட்டிலிருந்த முறுக்குகளை வரிசையாக அடுக்கி மலை வளைவு காட்டினார். டம்ளரைக் கவிழ்த்துத் தலைகுந்தா என்றார். எந்தப் பக்கம் நிற்க வேண்டும், மேகத்தை எப்படிப் பார்க்க வேண்டும், ஒரு சாக்ஸுக்கு மேல் இன்னொரு சாக்ஸ் ஏன் போட வேண்டும், எல்லாவற்றையும் சொன்னார். புல் ஒடிகிற சத்தத்தை வாயாலேயே செய்து காட்டினார். அவர்கள் கேட்கக் கேட்க அவர் சொன்னார். காபி இரண்டாவது சுற்று வந்தது. அவர் நிறுத்தியபோது முறுக்கெல்லாம் தீர்ந்திருந்தது. பெண்கள் எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டிருந்தார்கள்.

“இதைக் கேட்ட பொறகு போகாம இருக்க முடியுங்களா?” என்றாள் செவ்வந்தி.

“அண்ணனே இவ்வளவு தூரம் சொல்றாரு,” என்றாள் வெங்கடலட்சுமி. “போயே ஆகோணும்.”

நஞ்சப்பனுக்குத் திடுக்கென்றது. “அது சரி. ஆனா செல்லாவுக்குத்தான் ஆகாதே?”

“எனக்கு ஆகாதுதானுங்க,” என்று மூலையிலிருந்து இருமல் வந்தது. “ஆனா அவங்க யாருக்கும் எடம் தெரியாதுங்களே. தெரிஞ்ச ஆளு ஒண்ணு கூடப் போகோணுமல்லங்க?”

“அதுக்கு நான் வாரேன்!” என்றார் நஞ்சப்பன். சொன்னபிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. தெரிந்ததும் அது நல்ல யோசனையாகவே பட்டது. தட்டில் தண்ணீர் வைத்து விடியும்போது அது கட்டியாகிறதா என்று பார்க்க அவருக்கு ஆசை மிச்சம் இருந்தது. “வேன்ல முன்னாடி சீட்டு ஒண்ணு எனக்குப் போட்டுருங்க.”

பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

“நீங்களும் வந்தா நாங்க எப்படிங்கண்ணா சத்தமாச் சிரிக்கறது?” என்றாள் செவ்வந்தி.

“தறியை யாரு பாக்கறதுங்க?” என்றாள் செல்லாத்தாள். இருமல் எப்போது நின்றது என்று நஞ்சப்பன் கவனிக்கவில்லை.

கடைசியில் வேன் மலையேற வேண்டிய இ-பாஸை எடுத்தவரும் நஞ்சப்பன்தான். அவர்கள் யாருக்கும் அது சரியாக வரவில்லையாம். எப்படி எடுப்பது என்று அவரைத்தான் கேட்டார்கள்.

பொங்கல் முடிந்து வேன் கிளம்பிய காலையில், பையை ஏற்றிக்கொண்டிருந்த செவ்வந்தி சிரிப்பை அடக்கமாட்டாமல் சொல்லிவிட்டாள். “அண்ணா, கோவிச்சுக்காதீங்க. அக்கா அன்னைக்கே சொல்லிப்போட்டாங்க. ‘போலாமான்னு அவரைக் கேக்காதீங்க. எப்படி இருந்துச்சுன்னு மட்டும் கேளுங்க. மிச்சத்தை அவரே பாத்துக்குவாரு’ன்னு.”

நஞ்சப்பன் திரும்பிப் பார்த்தார். செல்லாத்தாள் மப்ளர் இல்லாமல் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். கோபம் வரவேண்டிய இடம்தான். ஆனால் அவள் ஜன்னல் வழியாகக் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் மெதுவாகச் சொன்னாள்.

“ராத்திரி கூடத்துல லைட்டை அணைக்காதீங்க. டிவியும் ஓடட்டும். பேச்சுச் சத்தம் இருந்தாப் பயம் தெரியாதுங்க.”

இத்தனை வருஷமாக அவர் யாரிடமும் சொல்லாத சங்கதி. அது இவளுக்கு எப்போது தெரிந்தது என்று அவர் கேட்பதற்குள் வேன் தெருமுனையைத் திரும்பிவிட்டது.

அடுத்த நாள் வெளிச்சம் வரும் நேரத்தில் போன் அடித்தது. நஞ்சப்பன் முதல் மணியிலேயே எடுத்தார்.

“ஏனுங்க, தலைகுந்தா வந்துட்டமுங்க. பூரா வெள்ளையாக் கெடக்குதுங்க! எந்தப் பக்கமா எறங்கோணும்?”

“மேகம் இருக்குதா? இல்லையல்ல? அப்ப டீக்கடைக்கு எதுக்கால பள்ளம் ஒண்ணு தெரியும் பாரு. அங்க ஆளு காலு படாத புல்லாப் பாத்து நடக்கோணும். மொதல்ல சத்தத்தைக் கேளு. பொறகு குனிஞ்சு பாரு. அவசரப்படாதே.” சொல்லிக்கொண்டே போனார். சொல்லச் சொல்ல அந்தப் புல்வெளி அவர் கண்முன்னால் வந்தது. குரல் தானாகத் தணிந்தது. “நெஜத்தைச் சொல்லட்டுமா அம்மணி? நீ இல்லாம இந்த ஊடு ஊடு மாதிரியே இல்ல. ராத்திரி பூரா பொட்டுத் தூக்கம் இல்ல எனக்கு. உன்ற சீலையை எடுத்துத் தலைமாட்டுல வெச்சுட்டுத்தான் படுத்திருந்தேன். கேக்குதா? செல்லா?”

அந்தப் பக்கம் தொண்டையைக் கனைக்கிற சத்தம் வந்தது.

“அண்ணா, நான் வெங்கடலட்சுமிங்க. அக்கா போனை என்ற கையில குடுத்துட்டு அப்பவே எறங்கி ஓடிட்டாங்க. நீங்க சொல்லுங்க, ஸ்பீக்கர்ல போட்டு நாங்க எல்லாருமே கேட்டுட்டுத்தான் இருக்கறமுங்க.”