பிளக் பாயும் ஒரு விரல் துணியும்

கம்ப்யூட்டருக்கு அளவெடுத்துத் தைத்த ஆள் உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் பிளக் பாய். இல்லை என்பவர்கள் நசரத்பேட்டைக்கு வரட்டும். வரும்போது நாலு துணியோடு வந்தால் நல்லது. பேசிக்கொண்டே தேய்த்துக் கொடுத்துவிடுவேன்.

என் தொழில் இஸ்திரி. பாய் லேடீஸ் டெய்லர். அவர் கடைக்கு எதிரே என் வண்டி. பதினாறு வருஷம் அப்படி நின்றோம். அவர் தைப்பார், நான் தேய்ப்பேன். அதிகம் பேசிக்கொண்டதில்லை. அவர் என்னை இஸ்திரி என்பார். நான் அவரை பாய் என்பேன். அதற்கு மேல் தேவைப்படவில்லை.

அவருடைய சொந்தப் பெயர் கடைப் பலகையில் பெரிதாக எழுதியிருந்தது. ஒருவரும் படித்ததில்லை. பிளக் பாய் என்ற பெயர் எப்படி வந்தது என்பதற்கு முதலில் ரெஹானாவைச் சொல்ல வேண்டும்.

ரெஹானா பாயின் மகள் வயிற்றுப் பேத்தி. ஒன்பது வயது வரை அந்தக் கடையில்தான் வளர்ந்தாள், வெட்டுத் துணிகளுக்கு நடுவில். பாயின் மருமகனுக்கு ஷார்ஜாவில் வேலை கிடைத்தது. மூன்று பேரும் போய்விட்டார்கள். ரெஹானாவின் கம்ப்யூட்டர் மட்டும் இங்கே தங்கியது. பாய் அதைத் துணி வெட்டும் மேஜை மேல் வைத்தார். தூசி படாமல் ஒரு உறை தைத்துப் போட்டார். காலர் வைத்த உறை.

போனில் ரெஹானா பேசமாட்டாள்.

"நல்லா கீறியாம்மா?"

"ம்."

"சாப்ட்டியா?"

"ம்."

போன் அவள் அம்மா கைக்குப் போய்விடும். அன்றைக்குப் பாய் தைக்கிற ஜாக்கெட் கொஞ்சம் கோணலாக வரும். என்னிடம் தேய்க்க வரும்போது எனக்குத் தெரியும். வாடிக்கைக்காரர் யாராவது கேட்டால் துணியில் கோளாறு என்று சொல்லிவிடுவேன்.

மருமகன் ஒரு வழி செய்தார். கட்டை கட்டையாக அடுக்கி வீடு கட்டுகிற கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்று இருக்கிறது. கடையில் இருந்த கம்ப்யூட்டரை அதற்கு சர்வர் ஆக்கினார். அதாவது மைதானம் நசரத்பேட்டையில் தையல் கடையில் இருக்கும். விளையாடுகிறவர்கள் எந்த ஊரில் இருந்தும் உள்ளே வரலாம். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ரெஹானா வருவாள். வீடு கட்டிக்கொண்டே பேசுவாள். அப்போது அவள் வாயை யாராலும் மூட முடியாது. பள்ளிக்கூடம், பக்கத்து பெஞ்சு, பூனை, பல் விழுந்தது, எல்லாம் வரும். ஸ்பீக்கரில் போட்டிருப்பார். தெருவுக்கே கேட்கும். போனில் ஒரு வருஷத்தில் பேசாததை ஒரு மணி நேரத்தில் பேசிவிடுவாள்.

பாய் அந்த விளையாட்டில் ஒன்றும் செய்யமாட்டார். அவருடைய ஆள் ஒரு மூலையில் சுவரைப் பார்த்தபடி நிற்கும். அவருக்குத் திரும்பத் தெரியாது. "நன்னா, இந்தப் பக்கம் பாரு" என்பாள் அவள். நன்னா என்றால் தாத்தா. "பாத்துகினுதான் கீறேன்" என்பார் இவர், சுவரைப் பார்த்தபடி.

இப்படியே போயிருந்தால் நான் எழுத ஒன்றும் இருந்திருக்காது. ரெஹானா தன் வகுப்புப் பிள்ளைகளையும் உள்ளே வரச் சொன்னாள். அவர்கள் வேறு யாரையோ கூட்டி வந்தார்கள். அதில் ஒருவன் டெவில் என்று பெயர் வைத்திருந்தான். எந்த ஊர், என்ன வயது, தெரியாது. அவள் கட்டிய வீட்டை ஒரே நாளில் தரைமட்டமாக்கினான். அவள் மறுபடி கட்டினாள். மறுபடி வந்தான். இரண்டாவது முறை அவள் அழவில்லை. "இன்னொரு வாட்டி உடைச்சா நான் வரமாட்டேன் நன்னா" என்று மட்டும் சொன்னாள்.

பாய்க்கு அது போதும். அந்த ஒரு மணி நேரம் போனால் அப்புறம் "ம்" தான்.

மறுநாள் காலை மாடி வீட்டுக் கவிதாவை மறித்துவிட்டார். அவள் அம்பத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போகிற பெண். இதற்கு பிளகின் போட வேண்டும் என்றாள். சர்வரோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்கிற சின்ன புரோகிராமாம். அந்த வீட்டுக்கு ஒரு வாட்ச்மேன் மாதிரி. நெட்டிலேயே ரெடிமேடாகக் கிடைக்கும், எடுத்துப் போட்டால் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும் என்றும் சொன்னாள்.

அந்தச் சொல்லை மட்டும் அவள் சொல்லியிருக்கக் கூடாது.

பாய் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். "ரெடிமேட் பேச்சு என் கடையில வாணாம்மா. நான் தெச்சுக்கிறேன்" என்றார்.

அப்படித்தான் ஐம்பத்தெட்டு வயதில் அவர் கம்ப்யூட்டர் கோடு எழுத உட்கார்ந்தார். கேட்டவர்களிடமெல்லாம் "பிளகின் கத்துக்கினு கீறேன்" என்று சொன்னார். தெருவுக்கு அது பிளக் என்று கேட்டது. மூன்றாம் நாள் இட்லிக் கடை அக்கா மிக்ஸியைக் கொண்டுவந்து வைத்தாள். பிளக் கருகிவிட்டதாம், மாத்திக் கொடுங்க பாய் என்றாள். பாய் கத்தரிக்கோலால் ஒயரை வெட்டி, புது பிளக் மாட்டிக் கொடுத்தார். மிக்ஸி ஓடியது. அதற்கு அடுத்த வாரம் கிரைண்டர் வந்தது, டேபிள் ஃபேன் வந்தது. பெயரும் வந்தது.

நான் அவரிடம் மின்சார இஸ்திரிப் பெட்டி எதையும் கொடுக்கவில்லை. என்னுடையது கரிப் பெட்டி. அதற்கு பிளக் கிடையாது.

யூடியூபில் பார்த்ததை அவர் அளவு நோட்டில் எழுதிக்கொள்வார். இடது பக்கம் ஜாக்கெட் அளவு, வலது பக்கம் கோடு. ஒரு நாள் டீச்சர் ஒருவர் ஜாக்கெட் வாங்க வந்தார். எட்டிப் பார்த்தார். அவர் பெயருக்கு நேரே இடுப்பு என்ற இடத்தில் ஐந்து இலக்க எண் ஒன்று இருந்தது. அது சர்வருக்கு வருகிற வழியின் எண்ணாம். டீச்சருக்கு அது எப்படித் தெரியும்? அந்தம்மா அதற்குப் பிறகு பூந்தமல்லியில் தைக்கக் கொடுத்தார்.

ஒவ்வொரு வரிக்கும் முடிவில் செமிகோலன் வைக்க வேண்டும். பாய் அதற்குப் பட்டன் என்று பெயர் வைத்தார். ஒன்றை விட்டுவிட்டால் முழுதும் ஓடாது. திரை சிவப்பாகும். "ஒரு பட்டன் உட்டுப்பூட்டேன்" என்று சொல்லிக்கொண்டு, ஊசி தேடுகிற மாதிரி திரைக்கு ஒரு சாண் தூரத்தில் கண்ணை வைத்து ஒவ்வொரு வரியாகத் தடவுவார். விரலில் ஊசி குத்தாமல் இருக்கப் போடுகிற இரும்புத் தொப்பி, அங்குஸ்தான், மாட்டியிருக்கும். அதோடுதான் டைப் அடிப்பார். டக் டக்கென்று எனக்குக் கேட்கும்.

முதலில் தைத்தது ஒரு வரவேற்பு. யாராவது விளையாட்டுக்குள் வந்தால் "இன்னா, வந்துகினியா?" என்று ஒரு முறை காட்ட வேண்டும். பாய் அதை வருகிற இடத்தில் மாட்டாமல் நடக்கிற இடத்தில் மாட்டிவிட்டார். மருமகன் சோதித்துப் பார்க்க வந்தார். ஒரு அடி வைத்தார். இன்னா, வந்துகினியா. இன்னொரு அடி. இன்னா, வந்துகினியா. திரை நிறைந்து வழிந்தது. கல்யாண மண்டப வாசலில் பெண் வீட்டார் இத்தனை முறை கேட்டால் மாப்பிள்ளை திரும்பிப் போய்விடுவார். இந்த மருமகன் நல்லவர். அசையாமல் நின்று போன் செய்தார்.

அதைச் சரி செய்து, கடைசியில் வாட்ச்மேனைத் தைத்தார். கணக்கு எளிது. வீட்டில் நாலு பேர்: ரெஹானா, அவள் அம்மா, அப்பா, பாய். நாலு பெயரும் ஒரு லிஸ்ட். யாராவது சுவரைத் தட்டினால் வாட்ச்மேன் லிஸ்டைப் படிப்பான். பெயர் இருந்தால் விடுவான். இல்லாவிட்டால் தடுப்பான். பாய் போய்த் தட்டினார், விட்டது. மகள் வந்து தட்டினாள், விட்டது. பாய் எனக்கு டீ சொன்னார். அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்தது.

தடுக்கிறானா என்று பார்க்க ஒரு திருடன் வேண்டியிருந்தது.

"இஸ்திரி, செத்த வா" என்றார்.

கவிதா தன் லேப்டாப்பில் எனக்கு ஒரு ஆளை உண்டாக்கி, இஸ்திரி என்று பெயர் போட்டாள். அந்த ஆளைச் சுவருக்கு முன்னால் நிறுத்தி, இந்த பட்டனை அமுக்குங்க அண்ணே என்றாள். அமுக்கினேன். சுவரில் ஒரு கட்டை உடைந்து விழுந்தது. இன்னும் ஒருமுறை அமுக்கச் சொன்னார் பாய். இன்னொரு கட்டையும் விழுந்தது. சின்னப் பெண் அடுக்கியது. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. கையை எடுத்துவிட்டேன்.

வீட்டு ஆட்கள் வந்தால் வாட்ச்மேன் ஒழுங்காக வேலை பார்க்கிறான். திருடன் வந்தால் மட்டும் படுத்துவிடுகிறான். இப்படி ஒரு வாட்ச்மேனை வானகரத்தில் ஒரு அபார்ட்மெண்டில் பார்த்திருக்கிறேன். ஆனால் அவனுக்கு ராத்திரி வேறு வேலை இருந்தது.

கவிதா படித்துப் பார்த்தாள். சிரித்துவிட்டாள். பாய் லிஸ்டில் நாலு பெயர் போட்டுவிட்டு, வாட்ச்மேனை ஐந்து பெயர் படிக்கச் சொல்லியிருந்தார். வீட்டு ஆள் வந்தால் நாலுக்குள் பெயர் கிடைத்துவிடும், பிரச்சினை இல்லை. திருடன் வந்தால் நாலையும் படித்து முடிப்பான். ஐந்தாவதைத் தேடுவான். அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. மயங்கி விழுந்துவிடுவான். அந்த நேரத்தில் திருடன் உடைத்துவிடுவான்.

"எண்ணிக்கை சைபர்ல ஆரம்பிக்கும் பாய். அதுல கொழம்பிட்டீங்க. எல்லாரும் பண்ற தப்புதான். ஒண்ணு கொறைச்சிடுங்க" என்றாள்.

"டேப்பும் சைபர்லதாம்மா ஆரம்பிக்குது. நான் இன்னா கொழம்புறது? தெரிஞ்சுதான் உட்டேன்."

"எதுக்கு?"

"தையலுக்கு."

கவிதாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. பாய் எதை வெட்டினாலும் ஒரு விரல் துணி கூடுதலாக உள்ளே விடுவார். பெண் பிள்ளைகளின் உடுப்பென்றால் இரண்டு விரல். அடுத்த வருஷம் பிரித்து விட்டால் அதே உடுப்பு போடலாம். நாற்பது வருஷப் பழக்கம். கை தானாக விடும்.

"கொறைக்க மாட்டேன்" என்றார். "அளவா வெட்டிட்டா, அப்பால பிரிச்சு உட துணிக்கு எங்க போறது? வளர்ற பொண்ணு ஊடு அது."

"அப்போ அஞ்சாவதா ஒரு பேரைப் போட்டுடுங்க பாய். காலியா மட்டும் விடாதீங்க" என்று சொல்லிவிட்டு அவள் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

சனிக்கிழமை நானே போய்க் கேட்டேன். ஐந்தாவது பெயர் போட்டாயிற்றா என்றேன். ஆயிற்று என்றார். மறுபடி திருடனாக உட்காரட்டுமா என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வாணாம். நீ தட்டுனா ஒடையும். டெஸ்டுக்கு ஆவமாட்டே."

ஒரு முறை உடைத்த கை என்று சொல்லிக்காட்டுகிறார் என்று நினைத்தேன். வண்டிக்கு வந்துவிட்டேன். அன்று மற்றவர்கள் துணியெல்லாம் முடித்துவிட்டு, அவர் கடைத் துணிகளைக் கடைசியாகத் தேய்த்தேன்.

ஞாயிறு நாலு மணி. ரெஹானா வந்தாள். வீட்டைச் சரி செய்துகொண்டே பேசினாள். ஆனால் கொஞ்சமாகத்தான் பேசினாள். பாய் வழக்கம்போல் சுவரைப் பார்த்து நின்றார். நான் கரியை மூடிவிட்டு அவர் பின்னால் போய் நின்றேன். கோபம் இருந்தது. பார்க்கவும் வேண்டியிருந்தது. ஒரு வெளியாளை வாட்ச்மேன் தடுத்து இதுவரை யாரும் பார்த்ததில்லை.

நாலே முக்காலுக்கு டெவில் வந்தான்.

ரெஹானா பேச்சை நிறுத்தினாள். அவன் நேராக வாசல் சுவருக்குப் போய்த் தட்டினான். பாய் திரைக்கு ஒரு சாண் தூரத்தில் கண்ணை வைத்தார். கட்டை அசையவில்லை. அவன் திரையில் ஒரு வரி வந்திருக்கும். எங்களுக்கும் வந்தது: "இன்னா, யார் ஊட்ல வந்து கை வக்கிறே?"

மறுபடி தட்டினான். மறுபடி வந்தது. நாற்பது முறை தட்டியிருப்பான். நாற்பது முறையும் பாய் தைத்த வாட்ச்மேன் சலிக்காமல் கேட்டான். அந்தப் பையனுக்குத் தமிழ் தெரிந்திருக்காது. ஆனால் திட்டுகிறார்கள் என்பது எந்த மொழியிலும் தெரியும். போய்விட்டான்.

ரெஹானா சிரித்த சிரிப்பில் ஸ்பீக்கர் கரகரத்தது. பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஜாக்கெட் துணியில் துடைத்தார். வாடிக்கையாளர் துணி. நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

வாட்ச்மேனின் லிஸ்ட் வாசலிலும் தெரியும்படி பாய் தைத்திருந்தார். அதைப் படித்துவிட்டு அவள் கேட்டாள். "நன்னா, வாசல்ல போர்டு இருக்கு. இந்த வீட்டு ஆளுங்கன்னு அஞ்சு பேர் போட்டிருக்கு. அஞ்சாவதா இஸ்திரின்னு இருக்கே, அது எந்த இஸ்திரி?"

பாய் என் பக்கம் திரும்பவில்லை.

"எதுர் வண்டிக்காரரு. உன் ஸ்கூல் பாவாடைக்கு மடிப்பு வச்சுக் குடுப்பாரே."

"அவரு நம்ம வீடா?"

"எடம் இருந்துச்சு. போட்டேன்."

நீ தட்டினால் உடையும் என்று அவர் சொன்னது எனக்கு அப்போதுதான் விளங்கியது. வீட்டு ஆள் தட்டினால் வாட்ச்மேன் தடுக்கமாட்டான்.

அதற்கப்புறம் ரோடு அகலப்படுத்தினார்கள். பாய் கடை போய்விட்டது. இப்போது குத்தம்பாக்கத்தில் தைக்கிறார். அங்கேயும் அவரிடம் மிக்ஸி வருகிறது. என் வண்டிக்கு எதிரே இப்போது ஒரு செல்போன் கடை இருக்கிறது. நல்ல பையன்கள். ஆனால் அவர்களிடம் தேய்க்க எதுவும் இல்லை.

என் சொந்த வீட்டுச் சாவி மருமகளிடம் இருக்கிறது. நான் தட்டினால்தான் திறப்பாள், அதுவும் சீரியல் முடிந்த பிறகு. ரெஹானா கட்டிய வீட்டில் எனக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் கரியை அணைத்துவிட்டு குத்தம்பாக்கத்துக்கு பஸ் ஏறுகிறேன். திரையில் பாய் ஒரு மூலையில் நிற்கிறார். பக்கத்தில் நான் நிற்கிறேன். அவள் பேசுகிறாள். இரண்டு பேரும் சுவரைப் பார்த்தபடி கேட்கிறோம். எனக்கும் இன்னும் திரும்பத் தெரியாது.