தேசிய சராசரியில் குடியிருப்பவர்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. இவர்களுக்கு வீட்டு முகவரி என்பது தபால்காரரின் வசதிக்காக மட்டுமே. உண்மையில் இவர்கள் குடியிருப்பது தேசிய சராசரியில். அமெரிக்காவில் எங்கள் மினசோட்டா மாநிலத்தில் தெருவுக்கு ஒருவராவது தேறுவார். எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் கோர்டி ஹால்வர்சன், என் பக்கத்து வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்.

அடையாளம் காண்பது சுலபம். நீங்கள் ஒருமுறை இருமினால் போதும், சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த தாள் வெளியே வரும். நாடு முழுவதும் வருஷத்துக்கு எத்தனை டன் கார்பன் மோனாக்சைடு, அதாவது மணமே இல்லாமல் ஆளைக் கொல்லும் புகைநச்சு, காற்றில் கலந்தது என்று ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதாம் ஆண்டிலிருந்து போட்ட கோடு அது. உச்சியில் தொடங்கி, கார்ப் புகையின் நச்சை முறிக்கும் கருவி வந்த பிறகு சறுக்கி, காட்டுத்தீ வருஷங்களில் மட்டும் கொஞ்சம் தலைதூக்கி, இன்று மூன்றில் ஒரு பங்குக்கு வந்து நிற்கும். கோடு இறங்க இறங்க மனிதர் பூரித்துப்போவார், என்னமோ இவரே கயிறு கட்டி இறக்கிய மாதிரி. சர்ச்சில் காபி குடிக்க வந்தவர்கள், முடிவெட்டக் காத்திருந்தவர்கள், சாவு வீட்டில் பெட்டி தூக்க வந்தவர்கள், எல்லோரும் அதைப் பார்த்தாயிற்று. செத்தவர் மட்டும் தப்பித்தார்.

கோடு பொய்யா? சத்தியமாக இல்லை. ஒவ்வொரு புள்ளியும் உண்மை. அதுதான் தொல்லையே.

பனிக்காலக் காலைகளில் கோர்டி தன் பிக்கப் வண்டியை வீட்டோடு ஒட்டிய கராஜுக்குள்ளேயே ஓடவிட்டு, சீட் சூடாகட்டும் என்று அரைமணி நேரம் காத்திருப்பார். கராஜுக்கு நேர் மேலே படுக்கையறை. அங்கே படுத்திருப்பவள் அவர் மனைவி லவோன்.

“கோர்டி, காலையில எந்திரிச்சாலே தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது.”

“எழுபதுல தெறிச்சிருந்தா நியாயம். இப்ப எதுக்குத் தெறிக்கணும்?”

“வண்டியை வெளியில நிறுத்தி சூடு பண்ணேன்.”

“நாட்டுல அத்தனை வண்டியும் சேர்ந்தே புகை குறைஞ்சாச்சு. என் ஒரு வண்டி என்ன பண்ணிடப் போகுது, சொல்லு.”

அந்த நச்சை மோப்பம் பிடிக்கச் சுவரில் மாட்டியிருந்த எச்சரிக்கைக் கருவி கத்தினால், பேட்டரியைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டுவிடுவார். “இதுக்கு நாட்டு நிலவரம் தெரியாது” என்பார், பரிதாபப்பட்டு.

போன ஜனவரியில் பனிமழையில் மின்கம்பிகள் அறுந்து ஊரே இருண்டது. கோர்டி ஜெனரேட்டரைக் கராஜுக்குள் வைத்து ஓடவிட்டு, கதவை நாலு விரல் அகலம் தூக்கிவைத்தார். காற்றோட்டமாம். மத்தியானம் வெந்நீர் கேட்கலாம் என்று நான் ஃபிளாஸ்க்கோடு போனேன். லவோன் சமையலறை மேசையில் கவிழ்ந்து கிடந்தாள். உலுக்கினேன், அசையவில்லை. “அவளுக்குக் கொஞ்சம் அசதி” என்று எதிர் நாற்காலியிலிருந்து குழறினார் இவர். அவளைக் கக்கத்தில் கைகொடுத்து இழுத்து வந்து வெளியே பனியில் கிடத்தினேன். பிறகு உள்ளே போய் இவரையும் இழுத்து வந்தேன். போகுமுன் ஒரு கணம் யோசித்தேன் என்பதை மறைப்பானேன்?

தீயணைப்பு வண்டியில் வந்த பெண் உள்ளே போய் காற்றை அளந்து பார்த்துவிட்டு வந்து சொன்னாள். “இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா ரெண்டு பேரையும் முகத்தை மூடித்தான் தூக்கியிருப்போம், சார்.”

கோர்டி ஆக்ஸிஜன் முகமூடியைச் சற்றே விலக்கினார்.

“ஒரு வீட்டுல நடந்ததை வெச்சு நாட்டோட போக்கை முடிவு பண்ணக்கூடாதும்மா.”

லவோன் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நாலாம் நாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குக் கிளம்பினாள். “விட்டுட்டுப் போறியா லவோன்? நாப்பத்தோரு வருஷம்” என்றார் கோர்டி. குரல் நிஜமாகவே உடைந்திருந்தது. எனக்கே பாவமாகப் போய்விட்டது.

அவள் கார்க் கண்ணாடியை இறக்கினாள். “கவலைப்படாத கோர்டி. நாட்டுல விவாகரத்துகூட வருஷா வருஷம் குறைஞ்சுட்டே வருதாம்.”

கோர்டியை விடுங்கள். இதைப் படிக்கும்போது, ‘இப்படியும் ஒரு மனுஷனா, நம் வீட்டில் இதெல்லாம் கிடையாது’ என்று ஒரு நிம்மதி வந்ததா? வந்ததென்றால் சிரமம் பார்க்காமல் எழுந்து போங்கள். தலைவலி என்று சொல்லிவிட்டு உங்கள் வீட்டில் உள்ளே படுத்திருக்கிறாரே ஒருவர், அவரை ஒருமுறை எழுப்பிப் பாருங்கள்.