இருபது முறை ஆட்டவும்

அந்தக் கைப்பிடியை உலகத்திலிருந்தே ஒழித்துக்கட்டிவிடுவது என்று ஜெயச்சந்திரன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிவெடுத்தான். பல் துலக்கும்போது எடுத்த முடிவு. பிரஷ்ஷைப் பிடித்திருந்த வலது மணிக்கட்டு சுரீர் என்று இழுத்தது. பிரஷ் தரையில் விழுந்தது. இனிமேல் பொறுப்பதற்கில்லை.

சத்தியவேட்டில் வீடு. தடாவுக்குப் பக்கத்தில் வேலை. கையில் பிடித்து விளையாடும் வீடியோ கேம் கன்சோல் செய்கிற கம்பெனி. வெளிநாட்டில் எவனோ வரைந்து அனுப்புவான், இங்கே பாகங்களைப் பூட்டி அனுப்புவார்கள். ஜெயச்சந்திரனின் நைனாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கழுத்தில் அடையாள அட்டை மாட்டியவன் அவன்தான். யாராவது கேட்டால் "டெஸ்ட்டிங் டிபார்ட்மென்ட்" என்பான். ஏதோ பெரிய கம்ப்யூட்டர் வேலை போலிருக்கிறது என்று கேட்டவர்கள் நினைத்துக்கொள்வார்கள். நினைத்துக்கொள்ளட்டும் என்று அவனும் விட்டுவிடுவான்.

உண்மையில் அவனுக்கு வேலை, ஆட்டுவது.

புதிதாக வந்த கன்சோலில் வலதுபக்கக் கைப்பிடி தனியே கழன்று வரும். அதைப் பிடித்து ஆட்டினால் திரையில் கத்தி வீசும், தூண்டிலில் மீன் துள்ளும். பட்டனை அழுத்தினாலும் இதெல்லாம் நடக்கும். ஆனால் பட்டனைப் படம் போட்டால் பெட்டியை எவன் வாங்குவான்? கடையில் நிற்கிறவன் வாயைப் பிளக்க வேண்டுமே! கைப்பிடியைச் சோதிக்க முதலில் மெஷின் வைத்துப் பார்த்தார்கள். மெஷின் ஒரே மாதிரி ஆட்டுகிறது, மனுஷன் கோணல்மாணலாகத்தான் ஆட்டுவான், அந்தக் கோணல்தான் வேண்டும் என்று மேலிடம் சொல்லிவிட்டது. கோணலுக்குப் பன்னிரண்டு பேரைப் பொறுக்கி ஒரு மேஜையைச் சுற்றி உட்காரவைத்தார்கள். ஒரு கைப்பிடிக்கு இருபது தடவை. மேஜை மேலேயே எழுதி ஒட்டியிருந்தது. வாங்குகிறவனுக்கு அது ஆட்டம். இவர்களுக்கு வெறும் ஆட்டல்.

வாங்கியவர்கள் கருத்து எழுதலாம் என்று கம்பெனி இணையத்தில் ஒரு பக்கம் திறந்திருந்தது. ஜெயச்சந்திரனால் எழுத முடியாது. வேலை செய்கிறவன் பொருளைப் பற்றி வாய் திறந்தால் அன்றைக்கே வெளியே. ஆனால் உகாதிக்கு ஆளுக்கொரு கன்சோல் இலவசமாகக் கொடுத்தபோது, அதை மனைவியின் போன் நம்பரில் பதிந்து வைத்திருந்தான். அவள் பெயரில் எழுதினால் எவனுக்குத் தெரியும்?

மனைவி தாட்சாயணி, சொந்த அத்தை மகள். திருப்பதியில் தங்கி பி.காம். முடித்தவள். "எனக்கும் உங்க கம்பெனில ஒரு வேல கேட்டுப் பாரு மாமா" என்று இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். "வேகன்சி இல்லமே" என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் யாரையும் கேட்டதே இல்லை. அவள் வேலைக்குப் போய்விட்டால் ஆறு மணி கம்பெனி பஸ்ஸுக்கு அவனுக்கு டிபன் கட்டிக் கொடுப்பது யார்?

"மே தாச்சு, போன எடு. இங்கிலீஷ்ல ஒரு கடுதாசி எழுதணும்."

"யாருக்கு மாமா?"

"எங்க கம்பெனிக்கு. நீ எழுதறா மாரி."

"நான் இன்னாத்துக்கு எழுதறேன்?"

"பொருள் உன் பேர்ல கீது. உனக்குக் கோவம் வந்துடிச்சி. எழுதற."

"எனக்கு ஒரு கோவமும் வர்லியே. மீன் புடிக்கற ஆட்டம் நல்லாத்தான கீது."

"கைப்பிடிய ஆட்டி ஆட்டி கை வலிக்கல?"

"நான் எங்க ஆட்டறேன்? மூணாம் நாளே செட்டிங்ல போயி அத ஆஃப் பண்ணிட்டேன். படுத்துக்கினே பட்டன்ல புடிச்சிக்கினு கீறேன்."

ஜெயச்சந்திரன் கணக்குப் போட்டான். ஒன்றுக்கு இருபது. ஒரு நாளைக்கு எத்தனை நூறு! அவன் மணிக்கட்டைத் தின்ற சங்கதியை அவன் பெண்டாட்டியே படுத்தபடி அணைத்து வைத்திருக்கிறாள்.

"அதையே எழுது!" என்று கத்தினான். "ஒருத்தனும் அத ஆட்டறதில்லன்னு எழுது. கூட வர்ற முதல் ஆட்டத்துல மட்டும் ஆட்டச் சொல்றான், அப்பறம் வர்ற ஆட்டம் ஒண்ணுலயும் அதுக்கு வேலயே இல்லன்னு எழுது. அத உள்ள வெச்சதுல வெயிட்டு ஏறிச்சி, பேட்டரி எறங்கிச்சி. மொத மொத உடையறதும் அந்த எழவுதான். வெளயாடறவன் கைக்கு செய்யல, அட்டப்பெட்டி மேல படம் போடறதுக்கு செஞ்சிகீறான். எழுதனியா?"

"இரு மாமா. இவ்ளோ கோவமா எழுதினா எவனும் படிக்க மாட்டான். சிரிச்சிக்கினே எழுதறேன்."

அவள் சிரித்துக்கொண்டே எழுதினாள். அவன் எட்டிப் பார்த்தான். ஐ.டி.ஐ.யில் படித்த இங்கிலீஷுக்கு அது பிடிபடவில்லை. நீளமாக இருந்தது. அதுவே திருப்தியாக இருந்தது.

பத்தே நாளில் பதில் வந்தது. கடிதம் பிரமாதம், கம்பெனிக்கே வந்து பேசுங்கள் என்று. ஜெயச்சந்திரன் தலைகால் தெரியாமல் குதித்தான். அப்புறம் பயந்தான். "அங்க என்ன யாருன்னே தெரியாத மாரி இரு. வாயத் தொறந்தா ஒரே பேச்சு. ஆட்டறத எடுத்துடுங்க. அவ்ளோதான்" என்று மூன்று நாள் பாடம் நடத்தினான். அவளும் தலையை ஆட்டினாள்.

அன்றைக்கு மஞ்சள் பட்டுப்புடவையில் வந்தாள். புரொடக்‌ஷன் மேனேஜர் பாலசுப்பிரமணியன், மெட்ராஸ்காரர், தானே கூட்டிக்கொண்டு ஒவ்வொரு இடமாகக் காட்டினார். ஆட்டுகிற மேஜைக்கு வந்தார்கள். ஜெயச்சந்திரன் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு மும்முரமாக ஆட்டினான்.

"நீங்க எழுதியிருந்தீங்களேம்மா, இதான் அது. ஒவ்வொண்ணையும் கையால ஆட்டிப் பாக்கறோம்."

"எத்தன பேரு சார்?"

"பன்னெண்டு."

"ஆட்டறத எடுத்துட்டா இவங்களுக்கு வேற எடத்துல வேல குடுப்பீங்களா?"

பாலசுப்பிரமணியன் சிரித்தார். "வேற எடம் ஏதும்மா? எல்லாம் கான்ட்ராக்ட். வீட்டுக்குப் போவ வேண்டியதுதான்."

ஜெயச்சந்திரனின் கை பதின்மூன்றாவது ஆட்டலில் நின்றது. இந்த இடம்வரை அவன் யோசிக்கவே இல்லை. மணிக்கட்டு போனால் வேலை போகும் என்று பயந்தவன், மணிக்கட்டைக் காப்பாற்ற வேலையையே எடுத்துவிடச் சொல்லி, பெண்டாட்டிக்குப் பட்டுப்புடவை கட்டி அனுப்பியிருக்கிறான். கண்ணாலேயே ஜாடை காட்டினான். சொல்லாதே. சொல்லிவிடாதே.

தாட்சாயணி அவனுக்கு எதிரே வந்து நின்றாள்.

"சார், கை வலிக்குதா?"

"இல்ல மேடம்."

"கஷ்டமா கீதா இந்த வேல?"

"ரொம்ப நல்லாகீது மேடம்."

"ஆட்டறத எடுக்க வேணாங்கறீங்க?"

"வேணாம் மேடம். அதான் மேடம் இதுல அழகே."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கங்கையா இவனை ஒரு மாதிரி பார்த்தான். நேற்று டீ குடிக்கும்போது அந்தக் கைப்பிடியைச் செய்தவன் வம்சத்தையே திட்டியவன் இவன்தானே என்று.

"எடுக்க வேணாம் சார்" என்று தாட்சாயணி மேனேஜரிடம் சொன்னாள். "நல்லாத்தான் கீது. ஒரே கைக்கு வேல குடுத்தாதான் வலிக்கும். ரெண்டு கைக்கும் பிரிச்சிக் குடுத்தா யாருக்கும் வலி தெரியாது."

பாலசுப்பிரமணியன் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "இவ்ளோ தெளிவா பேசறீங்க. இங்க செக்கிங்ல ஒக்கார படிச்ச லேடீஸ் கெடைக்காம ரெண்டு வருஷமா தேடிக்கிட்டிருக்கோம்மா."

"ரெண்டு வருஷமாவா?"

"ஆமா. அதோ நோட்டீஸே ஒட்டியிருக்கோமே."

நோட்டீஸ் ஜெயச்சந்திரன் தலைக்கு நேர் மேலே சுவரில் இருந்தது. இங்கிலீஷில், தெலுங்கில், தமிழில். தாட்சாயணி மூன்றையும் நிதானமாகப் படித்தாள். அவன் குனிந்து ஆட்டிக்கொண்டே இருந்தான். இருபதைத் தாண்டி முப்பதுக்குப் போய்விட்டான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அவள் புடவையை மடித்துக்கொண்டிருந்தாள். சண்டை வரும் என்று தயாராக வந்தவனுக்குச் சண்டை கிடைக்கவில்லை.

"திங்கக்கெழமலேர்ந்து வரச் சொல்லிட்டாங்க" என்றாள். "வீட்டுக்காரர் பேரு எழுதச் சொன்னாங்க. எழுதினேன். மேனேஜர் விழுந்து விழுந்து சிரிச்சாரு."

"மே, நான் வந்து... அன்னிக்கி வேகன்சி..."

"உன் வேலயக் காப்பாத்திக் குடுத்துட்டேன் மாமா. கைக்கும் வழி பண்ணிக்கீறேன். வலதுல பத்து, எடதுல பத்து. இன்னா கொற உனக்கு? ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸு. நாலரைக்கி எழுந்தின்னா டிபன் பண்ணிடலாம்."

"யாரு எழுந்தா?"

அவள் அலாரத்தை அவன் போனில் வைத்துக் கொடுத்தாள்.

மூன்று மாதம் கழித்து அவள் சொன்ன யோசனை வெளிநாடு போய்த் திரும்பி வந்தது. போனது ஒன்று, வந்தது வேறு. இடதுபக்கக் கைப்பிடியும் இப்போது கழன்றது. புதுப் பெட்டி மேல் ஒரு பையன் இரண்டு கையையும் வானத்தில் வீசிக்கொண்டு இளித்தான். 'இனி இரு கைகளாலும் ஆட்டுங்கள்!' கன்சோல் இன்னும் கொஞ்சம் கனத்தது, பேட்டரி இன்னும் கொஞ்சம் குறைந்தது. வாங்குகிறவன் மூன்றாம் நாள் இரண்டையும் அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்வான் என்று ஜெயச்சந்திரனுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் வலதுக்கு இருபது, இடதுக்கு இருபது. காலையில் வீட்டில் சட்னி அரைத்துவிட்டு வந்து, பொழுது சாயும்வரை இரண்டு கையாலும் ஆட்டினான்.

மேஜைக் கோடியில் கம்ப்யூட்டர் முன்னால் தாட்சாயணி உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் அடையாள அட்டை. யார் எத்தனை ஆட்டினார்கள் என்று திரையில் நம்பர் ஓடும். பன்னிரண்டு பேருக்கும் அவள்தான் டிக் போட வேண்டும்.

அவள் ஒரு கைப்பிடியைத் திருப்பி அவன் பக்கம் தள்ளினாள்.

"எடது பதினேழுதான் காட்டுது சார். மொதல்லேர்ந்து ஆட்டுங்க."