கணப்புக்கு மேலிருந்த உத்தரம்

"துளையா? எங்கே போடுவீங்க?" என்று கேட்டபோதே வினிஃப்ரெட் ஹாக்கெட்டின் காதுமடல்கள் சுட்டன.

"பென்சில் கனம்தான் மேடம்," என்றாள் தொல்கட்டட அலுவலகத்திலிருந்து வந்த மிஸ் ட்ரூ. "துளைச்சு எடுக்கிற துண்டுல வளையங்களை எண்ணினா மரத்தை வெட்டின வருஷமே தெரிஞ்சுடும். கணப்புக்கு மேல இருக்கே, அந்த உத்தரத்துலயே ஆரம்பிக்கலாம்."

'மூன்று முயல்கள்' விடுதியில் ஐந்நூறு வருஷத்து ஓக் மரத்துக்குக் குறைவில்லை. கோணல் மாடிப்படி, ஆணியே இல்லாமல் மர முளையால் கோத்த தூண்கள், குச்சியும் களிமண்ணும் அடைத்த சுவர்கள். எல்லாம் அசல், அந்த ஒன்றைத் தவிர.

விடுதியை வாங்கிய வருஷம், திறப்பதற்கு முன்பே, வண்டு தின்ற உத்தரத்தை எடுத்துவிட்டு அவள் கணவன் ரெஜ் அங்கே ஓர் இரும்புச் சட்டம் வைத்தான். அதன்மேல் நாடகக் கொட்டகையில் கழித்துப் போட்ட போலி உத்தரத்தை மாட்டினான். கம்பிவலை, சாந்து, கறுப்புச் சாயம். ஸ்பானியக் கப்பலில் இருந்த மரம் என்று ஒரு விருந்தாளியிடம் விளையாட்டாகச் சொன்னது மட்டும் அவள்தான். ரெஜ் போய்ச் சேர்ந்துவிட்டான். இருபத்தாறு வருஷமாக அவள் மாதாமாதம் பூட்ஸ் பாலிஷ் போட்டு அந்தப் பொய்யைத் துடைத்து வைக்கிறாள். இந்தச் சாயம் வெளுத்துவிட்டால் அசல் மரங்களையும் இனி யார் நம்புவார்கள்?

"அதுல பீருக்குப் போடுற ஹாப்ஸ் கொடி கட்டியிருக்கு. அடுத்த அறுவடைக்கு முன்னாடி இறக்கினா வீட்டுக்கு ஆகாது."

"ஆகவே ஆகாது!" என்றார் கூட வந்த டாக்டர் லாம்பர்ன். அந்தக் கப்பல் கதையையும் சேர்த்து அந்த வட்டாரத்து விடுதிகளின் வரலாற்றை எழுதியவர். "வேற தூண் பார்ப்போமே."

"இறக்க வேண்டாம், ஒதுக்கினாப் போதும்," என்று மிஸ் ட்ரூ கொடியில் கைவைத்தாள்.

"வௌவால்!" என்று கத்திவிட்டாள் வினிஃப்ரெட். "உள்ளே வௌவால் இருக்கு!"

"அடடா, வௌவால் இருந்தா தொடவே கூடாதுன்னு சட்டமே இருக்கே!" என்றார் டாக்டர் உற்சாகமாக.

மிஸ் ட்ரூ போனை எடுத்தாள். "அப்போ வௌவால் அதிகாரி வரணும். குட்டி போடுற காலம். அதுவரைக்கும் கூடத்தைப் பூட்டிடணும். செப்டம்பர் ஆயிடும்."

மூலையில் ஆப்பிள் சைடர் குடித்துக்கொண்டிருந்த பர்ட் நிமிர்ந்தார். "செப்டம்பரா? வின்னி, எட்டு வருஷமா இங்கதான் உட்கார்றேன். என் மொட்டை மண்டைமேல ஒரு கொசு பறந்ததில்ல. ஏது வௌவால்?"

"வௌவால் மாதிரி ஏதோ…"

"மாதிரின்னா? குடை வச்சிருந்துச்சா?"

"இல்லை," என்றாள் தரையைப் பார்த்து. "வௌவால் இல்லை."

"நல்லது. துளைக்கருவி வண்டியில இருக்கு," என்று மிஸ் ட்ரூ வெளியே போக, வேடிக்கை பார்க்க பர்ட்டும் பின்னால் போனார்.

ஊர் முன்னால் தலைகுனிவதைவிட ஒருவர் முன்னால் குனிவது மேல் என்று தோன்றியது அவளுக்கு. இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாததால் குரல் எங்கே இருக்கிறதென்று தேட வேண்டியிருந்தது.

"டாக்டர், அது மரமே இல்லை. நாடகச் சாமான். கப்பல் கதை நான் கட்டினது. நீங்களும் நம்பிட்டீங்க. உங்க முகத்தைப் பார்க்கவே கூசுது."

டாக்டர் லாம்பர்ன் வாசலை எட்டிப் பார்த்தார். கழுத்துவரை சிவந்திருந்தார்.

"மெதுவா பேசுங்க அம்மணி! புத்தக வெளியீட்டன்னிக்கு இதுல முழங்கையை ஊன்றினதும் பொக்குன்னு அமுங்கினப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, ஆனா அதுக்குள்ள அட்டையில இதோட படம் போட்ட என் புத்தகத்தை ஊரே கையில வச்சிருந்துச்சே!"