கறையான் வாத்தியாரும் காணாமல்போன ஃப்ரிட்ஜும்

என் மருமகளின் ஃப்ரிட்ஜை அவளிடம் கேட்காமல் விற்றவன் நான். திருடன் என்றால் பூட்டை உடைத்த சிரமமாவது பட்டிருப்பான். நான் வாங்க வந்தவருக்கு டீ போட்டுக் கொடுத்து, வண்டியில் ஏற்ற ஒரு கையும் கொடுத்து அனுப்பினேன்.

காரைக்கால் பக்கத்து நெடுங்காட்டில் எங்கள் வீட்டை ஒட்டிய அறையில் மருமகள் கலைச்செல்வி இட்லி மாவுக் கடை நடத்திவந்தாள். யாருடைய தயவும் இல்லாமல் அவளே உண்டாக்கிய தொழில். கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வுபெற்ற எனக்கு அங்கே இருந்த ஒரே வேலை, ஆலோசனை சொல்வது. (யாரும் கேட்டதில்லை. அது வேறு விஷயம்.)

அந்த ஆடி மாதம் செல்போனில் ஒரு வீடியோ பார்த்தேன். இயற்கையிடம் பாடம் கற்றுத் தொழில் செய்யுங்கள் என்றது. கறையான் புற்றில் காற்று ஏறி இறங்குவதைப் போலக் கட்டடம் கட்டினால் ஏசியே வேண்டாமாம். எனக்குப் புல்லரித்துவிட்டது. இத்தனை காலம் கறையானைப் பற்றிப் பாடம் நடத்திவிட்டு, கறையானிடம் ஒன்றும் கற்காமல் வந்துவிட்டேனே!

கலைச்செல்வி அம்பகரத்தூரில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். போகும்போதே சொல்லியிருந்தாள்: "வெள்ளிக்கிழமை விழிதியூர்ல காதுகுத்து மாமா. மொத முறையா பெரிய ஆர்டர். இது நல்லபடியா போச்சுன்னா அந்தப் பக்கத்து விசேஷமெல்லாம் நமக்குத்தான்."

ஃப்ரிட்ஜே இல்லாமல் மாவைக் குளிரவைத்து அவளுக்கு இன்ப அதிர்ச்சி கொடுக்க முடிவு செய்தேன். (அதில் இன்பத்தை நீக்கிவிட்டுப் படிக்கவும்.) ஃப்ரிட்ஜ் நின்ற இடத்தில்தான் காற்றுக் குழாயின் வாய் வரவேண்டும் என்பதால் ஃப்ரிட்ஜ் போயிற்று. தெருப்பக்கச் சுவரை ஒட்டி, ஆள் உயரத்துக்குச் செம்மண்ணில் ஒரு கூம்பு; அதிலிருந்து சுவரைத் துளைத்துக் கடைக்குள் ஒரு குழாய். கொத்தனார் தங்கராசு சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"என்ன சார் இது, சமாதியா?"

"கறையான் கட்டற மாதிரி கட்டணும் தங்கராசு. அங்கங்க ஓட்டை விட்டு."

"கறையான் கூலி கேக்காது சார். நான் கேப்பேன்."

ரகசியம் காக்க, சுற்றிலும் கீற்றுத் தட்டி வைத்து மறைத்தேன். வியாழக்கிழமை மதியம் கலைச்செல்வி வந்து இறங்கியதும் தட்டியை லேசாக விலக்கிக் காட்டினேன். அவள் அதைப் பார்க்கவில்லை. நேராக உள்ளே போய்விட்டாள்.

"ஃப்ரிட்ஜ் எங்க மாமா?"

"அது இனிமே வேணாம்மா. கறையான் இருக்குல்ல..."

"ஃப்ரிட்ஜையா அரிச்சிடுச்சு?"

விளக்கினேன். படம் போட்டும் விளக்கினேன். அவள் என்னை ஒருமாதிரி பார்த்தாள். பொழுது போய்க்கொண்டிருந்தது, வேறு வழியில்லாமல் மாவை அரைத்து வாளிகளில் ஊற்றினாள். குளிர்காற்று நேராகப் படட்டும் என்று அந்த வாளிகளைக் குழாய் வாய்க்குக் கீழே வரிசையாக வைத்து, மூடிகளைக் கழற்றியது நான். காற்று தடையில்லாமல் ஏற, ஊர் அடங்கியபின் தட்டியையும் பிரித்துப்போட்டேன்.

அந்த வீடியோக் கறையான்கள் வசிப்பது இரவில் குளிர் அடிக்கும் வறண்ட நாட்டில். நம் காரைக்கால் கடற்காற்றோ, இரவிலும் இட்லிப் பானையைத் திறந்த ஆவி மாதிரி இருக்கும். இது எனக்குத் தெரியும். பரீட்சையில் கேட்டிருந்தால் எழுதியிருப்பேன்.

விடியற்காலையில் குலவைச் சத்தம் கேட்டு எழுந்தேன். எதிர்வீட்டு அஞ்சம்மா தலைமையில் தெருப் பெண்கள் கூடியிருந்தார்கள். புற்றுக்கு மஞ்சள் பூசி, வேப்பிலை செருகி, ஓட்டை ஓட்டையாகப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி முட்டையை உடைத்து உள்ளே விட்டாள்.

"நேத்துவரைக்கும் தட்டிதான் சார் இருந்துச்சு. ஆடி வெள்ளியும் அதுவுமா ஆத்தா ராத்திரியோட ராத்திரியா வளந்துட்டா!" என்றாள் அஞ்சம்மா, கண்கலங்க.

நான் அறைக்கு ஓடினேன். மாவு எப்போதோ பொங்கி, வாளியைத் தாண்டி, வாசற்படியை நோக்கிப் புறப்பட்டிருந்தது. அதன்மேல் குழாய் வழியாகப் பாலும் முட்டையும் மஞ்சள் தண்ணீருமாக அபிஷேகம் நடந்துகொண்டிருந்தது. விழிதியூரிலிருந்து மாவு எடுக்க வந்தவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "சார், இது மாவா, மோரா?" என்றார்.

கலைச்செல்வி அவர் கையைப் பிடிக்காத குறையாக மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு வாளிகளைக் கழுவ உட்கார்ந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

பரிகாரம் செய்யக் கிளம்பினேன். முதலில் தெருவில் நின்று உண்மையைச் சொன்னேன்: "இது புத்து இல்லம்மா. நான் கட்டினது."

"நீங்க கட்டினா என்ன சார்? கோயிலயும் யாரோதானே கட்டினாங்க," என்றாள் அஞ்சம்மா.

இடிக்கச் சொன்னால் தங்கராசு கன்னத்தில் போட்டுக்கொண்டார். "எனக்குப் புள்ளகுட்டி இருக்கு சார்." அடுத்து விழிதியூர் போய்க் காதுகுத்து வீட்டாரிடம் தலைகுனிந்து நின்றேன். அங்கே அன்று அவசரத்துக்குக் கிண்டிய உப்புமாவை எனக்கும் ஒரு தட்டில் வைத்தார்கள். தண்டனை என்று நினைத்துச் சாப்பிட்டேன். அது தண்டனையேதான். பழையதைவிடப் பெரிய ஃப்ரிட்ஜ் ஒன்று வாங்கி வந்தேன். கலைச்செல்வி அதைத் துடைத்து, பிளக்கைச் செருகி, "வெச்ச எடத்துலயே இருக்குமா மாமா?" என்று மட்டும் கேட்டாள்.

விழிதியூர்க்காரர்கள் இன்றுவரை எங்களிடம் மாவு வாங்குவதில்லை. அந்த நஷ்டத்தை என்னால் ஈடுகட்ட முடியவில்லை. குழாயைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டோம். ஆத்தா மட்டும் இருக்கிறாள். வெள்ளிக்கிழமைதோறும் கடையில் மாவோடு பாலும் முட்டையும் மஞ்சளும் விற்கின்றன. கூட்டம் கலைந்ததும் எறும்பு மொய்க்காமல் புற்றைச் சுற்றிக் கழுவிவிடுவது என் பொறுப்பு. தெருக்காரர்கள் அதை பக்தி என்கிறார்கள். எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

இப்போதும் சாப்பிடும்போது நான் வாய்தவறி, "இயற்கையில பாத்தீங்கன்னா..." என்று ஆரம்பித்துவிடுவேன். என் மகன் தட்டைப் பார்த்துச் சிரிப்பான். கலைச்செல்வி எழுந்து கையைக் கழுவிக்கொண்டு போய், நான் பேசி முடிக்கிறவரைக்கும் ஃப்ரிட்ஜில் சாய்ந்து நிற்பாள்.